விதித்தலா? வேண்டலா?

(காலநிலை மாற்றமும் பன்னாட்டுச் சட்டமும் என்னும் பொருள் பற்றித் தமிழ்க்காப்புக் கூட்டமொன்றில் நிகழ்ந்த உரை)



2015-ஆம் ஆண்டு, திசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள். பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிசின் புறத்தே ஒரு பேரவை. உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளின் சார்பாளரும் அங்கே வந்திருந்தனர். நான்காண்டுகளாகப் பேசிப் பேசி உருவாக்கிய உடன்படிக்கையின் இறுதி வரைவு அச்சாகி அவர்தம் கைக்கு வந்துவிட்டது. ஒப்புதல் தெரிவிப்பது ஒன்றே எஞ்சியிருந்தது. ஆயினும், கூட்டம் தொடங்கவில்லை. கரணியம் ஒரே ஒரு சொல்.

அவ்வரைவின் 4-ஆம் உறுப்பின் 4-ஆம் பத்தி, வளர்ந்த நாடுகள் தம் பொருளியல் முழுமைக்கும் புகைக் குறைப்பு இலக்குகளை மேற்கொண்டு முன்னின்று வழிகாட்டுவதைப் பற்றியது. முந்தைய வரைவுகளில் ‘வழிகாட்டுதல் தக்கது’ என்னும் பொருள்பட நின்ற துணைவினை, இறுதி அச்சில் ‘வழிகாட்டியே ஆதல் வேண்டும்’ என்னும் பொருள்பட மாறியிருந்தது. அமெரிக்கச் சார்பாளர் அதைக் கண்டு திடுக்கிட்டனர். அச்சொல் நின்றால் உடன்படிக்கைக்குத் தம் நாட்டு மேலவையின் ஒப்புதல் வேண்டியிருக்கும், மேலவையோ ஒப்பாது, ஆகலின் அச்சொல் நிற்கும்வரை தாம் உடன்பட இயலாது என்றனர். இறுதியில், அச்சுத் திருத்தங்களைப் படித்த அலுவலர், சிறுசிறு திருத்தங்களோடு ஒன்றாக இத்திருத்தத்தையும் படித்து முடித்தார். தலைமை தாங்கிய பிரெஞ்சு அயலுறவு அமைச்சர் உலோரன் பாபியசு சுத்தியலைத் தட்டினார். உடன்படிக்கை நிறைவேறியது. அவையோர் எழுந்து நின்று கைதட்டினர்.

ஒரு துணைவினை மாறிற்று. அதனோடு, உலகின் செல்வ நாடுகள் தலைமேற் கொள்ள வேண்டிய கடமையும் கழன்றது.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இந்நிகழ்ச்சி பெருவியப்பு அளிக்காது. வியங்கோள் வினை வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் பொருள்களில் வரும் என்று பள்ளிச் சிறுவரும் படிக்கின்றனர். ‘தருக’ என்று ஆசான் மாணவனிடம் கூறின் அது விதித்தல்; ‘தருக’ என்று இரவலன் புரவலனிடம் கூறின் அது வேண்டல். வடிவம் ஒன்றே, சொல்வோன் யார், கேட்போன் யார் என்பதைக் கொண்டே பொருள் வேறுபடுகின்றது. விதித்தலுக்குப் பின்னே, மீறினால் தட்டிக் கேட்கும் உரிமை நிற்கின்றது. வேண்டலுக்குப் பின்னே, கொடுப்போனின் இரக்கம் அன்றி வேறொன்றும் இல்லை.

காலநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டுச் சட்டத்தின் வரலாறு, இவ்விரு பொருள்களுக்கும் இடையே நடந்துவரும் போராட்டமே ஆகும். வலிய நாடுகள் ஒவ்வோர் அவையிலும் விதித்தலை வேண்டலாக்கின. மூன்று இலக்கம் மக்களே வாழும் ஒரு சிறிய தீவுநாடு, வேண்டலாக்கப்பட்டதை மீண்டும் விதித்தலாக்கிக் காட்டியது. அவ்வரலாற்றையே இவ்வவை இன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் இடுக்கண் இன்னதென்று தெளிதல் நன்று. நிலக்கரியும் கன்னெய்யும் எரிக்கப்படும்போது கரியமில வளி வெளிப்படுகின்றது. தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தின் பத்திலக்கம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக அது இருந்தது. அவாய்த் தீவின் மவுனா உலோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று 420 பங்கினைக் கடந்துவிட்டது. வளி கூடக் கூட ஞாலம் வெப்பம் அடைகின்றது, பனிப்பாளங்கள் உருகுகின்றன, கடல்நீர் வெப்பத்தால் விரிகின்றது, கடல்மட்டம் உயர்கின்றது. எரித்தவன் ஓரிடத்தில் இருக்கின்றான். மூழ்குபவன் வேறிடத்தில் இருக்கின்றான். இங்கேதான் சட்டம் தேவைப்படுகின்றது.

ஒருவன் வீட்டுப் புகை அடுத்தவன் வீட்டைக் கருக்கினால் கேட்பது யார் என்னும் கேள்வி புதியதன்று. கனடா நாட்டின் திரெயில் என்னும் ஊரில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதன் கந்தகப் புகை எல்லை கடந்து சென்று, அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்து உழவரின் பயிரையும் மரத்தையும் கருக்கியது. வழக்கு இரு நாடுகளுக்கும் பொதுவான நடுவர் குழுமுன் சென்றது. 1941-இல் அக்குழு இறுதித் தீர்ப்பு வழங்கியது: பிறநாட்டு நிலத்துக்குப் புகையால் பெருங்கேடு விளையுமாறு தன் நிலத்தைப் பயன்படுத்தவோ, பயன்படுத்த விடவோ எந்நாட்டுக்கும் உரிமை இல்லை. கனடா இழப்பீடும் தந்தது. ஆலைப் புகைக்குக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது.

அன்று அந்நெறியைக் கேட்டுப் பெற்ற நாடு எது? அமெரிக்கா! தன் உழவர் பயிர் கருகியபோது விதித்தலை வேண்டிய நாடே, பிறர் நிலம் மூழ்கும்போது வேண்டலே போதும் என்கின்றது.

அந்நெறி 1972-இல் சுவீடன் நாட்டின் இசுடாக்கோம் நகரில் உலக நெறியாக வளர்ந்தது. மாந்தச் சுற்றுச்சூழல் பற்றிய முதற்பெரு மாநாடு அங்கே சூன் திங்களில் நடந்தது. அதன் அறிக்கையின் 21-ஆம் கொள்கை இரண்டு கூறுகளை உடையது. தன் வளங்களைத் தன் கொள்கைப்படி பயன்படுத்தும் இறையாண்மை உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்பது முதற்கூறு. அப்பயன்பாட்டால் தன் எல்லைக்கு அப்பால் கேடு நேராமற் காக்கும் பொறுப்பும் உண்டு என்பது இரண்டாம் கூறு. உரிமையையும் பொறுப்பையும் ஒரே சொற்றொடரில் கட்டிவைத்த கொள்கை அது. பின்வந்த பலர் முதற்கூற்றை நெஞ்சில் எழுதிக்கொண்டனர். இரண்டாம் கூற்றை நீரில் எழுதிவிட்டனர்.

விதித்தல் நடைமுறைக்கு ஒவ்வாது, நாடுகள் கட்டளைக்கு அடங்கா என்பாரும் உளர். அவர்க்கு விடை மாண்டிரியால் வரைவேடு. குளிர்பெட்டியிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோ புளோரோ கரிமச் சேர்மங்கள் மேல்வளியிலுள்ள ஓசோன் படலத்தை அரிக்கின்றன என்று அறிவியலார் கண்டனர். 1985-இல் வியன்னாவில் பொதுவான உடன்படிக்கையும், 1987 செப்தம்பர் 16-இல் கனடாவின் மாண்டிரியால் நகரில் கட்டாய வரைவேடும் உருவாயின. எந்தப் பொருளை, எந்த ஆண்டுக்குள், எவ்வளவு குறைத்தல் வேண்டும் என்று எண்ணிட்டு விதித்தனர். ஏழை நாடுகளுக்குப் பத்தாண்டு தவணை அளித்தனர். 1990-இல் இலண்டனில், அந்நாடுகள் மாற்றுப் பொருள்களுக்கு மாறுவதற்கெனத் தனி நிதியம் ஏற்படுத்தினர். வரைவேட்டில் சேராத நாடுகளோடு அப்பொருள்களில் வணிகம் செய்வதைத் தடுத்தனர். விளைவு என்ன? உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்தன. கட்டுப்படுத்தப்பட்ட ஓசோன் அரிப்புப் பொருள்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு ஒழிந்தது. படலம் மெல்ல மெல்லத் தன்னிலை திரும்பி வருகின்றது.

அப்பொருள்களைச் செய்த ஆலைகள் சில. மாற்றுப் பொருளும் விரைவில் கிடைத்தது. நிலக்கரியும் கன்னெய்யுமோ உலகப் பொருளியலின் முதுகெலும்பு. இவ்வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. ஆனால், நாடுகள் விதிக்கு அடங்கும் என்பதும், அடங்குதற்குத் தவணையும் நிதியும் தடையும் சேர்ந்து வேண்டும் என்பதும் அங்கே மெய்ப்பிக்கப்பட்டன.

இனிக் காலநிலைக்கு வருவோம். 1992 மே 9-இல் நியூயார்க்கில் ஏற்கப்பட்டு, அடுத்த திங்களில் பிரேசில் நாட்டின் இரியோ மாநகரில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கை. 1994 மார்ச்சு 21-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் நெறி உயர்ந்தது. பொறுப்பு எல்லார்க்கும் பொது. ஆயினும் அவரவர் ஆற்றலுக்கும் செய்த பங்குக்கும் ஏற்ப அளவில் வேறுபடும் என்றது. நூற்றைம்பது ஆண்டுகள் எரித்துச் செல்வம் சேர்த்தவனையும், நேற்று விளக்கேற்றியவனையும் ஒரே தட்டில் நிறுத்தல் முறையன்று என்பதே அதன் பொருள். ஆனால், செல்வ நாடுகள் எவ்வளவு குறைத்தல் வேண்டும் என்னும் இடத்துக்கு வந்தபோது வினை தளர்ந்தது. 1990-ஆம் ஆண்டின் அளவுக்குத் திரும்பும் ‘நோக்கத்துடன்’ செயற்படுக என்றது. நோக்கம் இருந்தால் போதும்; சென்று சேரவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை!

அவ்வுடன்படிக்கை எழுதப்பட்ட காலத்திலேயே, 1991-இல், சிறு தீவுநாடுகளின் கூட்டணி சார்பில் வனுவாத்து என்னும் நாடு ஒரு கோரிக்கையை முன்வைத்தது. கடல்மட்டம் உயர்வதால் தாழ்நிலத் தீவுகளுக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யக் காப்பீட்டு நிதியம் ஒன்று வேண்டும். செல்வ நாடுகள் அதற்குப் பணம் இடுதல் வேண்டும் என்பது அக்கோரிக்கை. அது ஏற்கப்படவில்லை. இழப்புக்கும் கேட்டுக்குமான நிதியம் ஒன்றை ஏற்படுத்த உலக நாடுகள் ஒப்பியது 2022-இல், எகித்து நாட்டில் நடந்த மாநாட்டில்தான். ஒரு சிறுநாட்டின் முறையான கேள்விக்கு ஒப்புதல் கிடைக்க 31 ஆண்டுகள் சென்றன.

1997 திசம்பர் 11-இல் சப்பான் நாட்டின் கியோத்தோ நகரில் உருவான வரைவேடு, விதித்தல் வினையைத் துணிந்து பயன்படுத்தியது. தொழில் வளர்ந்த நாடுகள் அனைத்தும் சேர்ந்து 2008 முதல் 2012 வரையிலான காலத்தில் 1990-ஆம் ஆண்டு அளவினும் குறைந்தது 5 விழுக்காடு குறைத்தல் வேண்டும் என்று விதித்தது. ஆனால், அமெரிக்க மேலவை அவ்வரைவேடு எழுதப்படுவதற்கு முன்பே, 1997 சூலையில், 95-க்குச் சுழியம் என்னும் கணக்கில், வளரும் நாடுகளையும் கட்டுப்படுத்தாத எவ்வுடன்படிக்கையிலும் சேரல் ஆகாது என்று முடிவு செய்துவிட்டது. 2001-இல் அந்நாட்டு அரசு வெளிப்படையாகவே கைவிட்டது. வரைவேடு 2005 பிப்ரவரி 16-இல் அமெரிக்கா இல்லாமலே நடைமுறைக்கு வந்தது. கனடா 2011-இல் விலகல் அறிவித்தது. விதித்தல் இருந்தது, விதிக்கப்பட்டோர் வாயில் வழியே வெளியேறினர்.

இப்பட்டறிவிலிருந்து உலகம் கற்ற பாடம், வெளியேறுவோரைத் தடுப்பது எங்ஙனம் என்பதன்று. வெளியேறாதிருக்குமாறு வினையைத் தளர்த்துவது எங்ஙனம் என்பதே! அதன் விளைவே முன்னர்க் கூறிய பாரிசு உடன்படிக்கை. ஞால வெப்பத்தைத் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையினும் 2 பாகைக்கு மிகவும் கீழே நிறுத்தல், 1.5 பாகைக்குள் நிறுத்த முயலல் என்பன அதன் இலக்குகள். ஒவ்வொரு நாடும் தன் பங்களிப்பைத் தானே வரைந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளித்தல் வேண்டும் என்பது கட்டாயம். கணக்குக் காட்டுதல் கட்டாயம். ஆனால், எவ்வளவு குறைப்பது என்பது அவரவர் விருப்பம். எழுதியதை எய்தியே தீர்தல் வேண்டும் என்று ஒரு தொடரும் இல்லை. மாணவன் வினாத்தாளைத் தானே வகுத்துக் கொள்வான். விடைத்தாளைக் கொடுத்தே ஆகவேண்டும். தேர்ச்சி பெறவேண்டும் என்பது மட்டும் கட்டாயமன்று! இன்னும் ஒன்று. இழப்பும் கேடும் பற்றிய 8-ஆம் உறுப்பு, பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று உடன்வந்த முடிவின் 51-ஆம் பத்தியில் எழுதி வைத்தனர்.

தளர்ந்த வினையும் சிலர்க்குச் சுமையாயிற்று. அமெரிக்கா 2020 நவம்பரில் பாரிசு உடன்படிக்கையிலிருந்து விலகிற்று. 2021 பிப்ரவரியில் திரும்பிச் சேர்ந்தது. 2025 சனவரியில் மீண்டும் விலகல் அறிவித்தது. 2021 நவம்பரில் கிளாசுக்கோ மாநாட்டின் இறுதி நேரத்தில், நிலக்கரியைப் ‘படிப்படியாக ஒழித்தல்’ என்றிருந்த தொடர், ‘படிப்படியாகக் குறைத்தல்’ என்று மாற்றப்பட்டது. அம்மாற்றத்தை அவையில் முன்மொழிந்தது இந்திய ஒன்றியம். செல்வ நாடுகள் மிகுதியாக எரிக்கும் கன்னெய்யையும் எரிவளியையும் விட்டுவிட்டு, ஏழை நாடுகள் நம்பியிருக்கும் நிலக்கரியை மட்டும் பெயர்சொல்லி ஒழிக்கச் சொல்வது முறையா என்று அது கேட்ட கேள்வியில் பொருள் இல்லாமல் இல்லை. ஆயினும், அதற்குரிய விடை கன்னெய்யையும் பட்டியலில் சேர்ப்பதன்றி, நிலக்கரியின் வினையைத் தளர்த்துவதன்று. 2023 திசம்பரில் துபாயில்தான், புதைபடிவ எரிபொருள்கள் அனைத்திலிருந்தும் ‘விலகி மாறுதல்’ என்னும் தொடர் முதன்முறையாக மாநாட்டு முடிவில் இடம்பெற்றது. அதுவும் அழைப்பே, ஆணையன்று.

இத்தகைய நிலையில்தான் வனுவாத்து மீண்டும் எழுந்தது.

பெருமக்களே! வனுவாத்து எங்கே உள்ளது? ஆசுத்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக்குப் பெருங்கடலில், 80-க்கு மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. மக்கள் ஏறத்தாழ 3 இலக்கம் பேர். அவர்தம் மொழிகளோ நூற்றுக்கு மேற்பட்டவை! மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே மொழி செறிந்த நாடு அதுவே. 1774-இல் அங்கே வந்த ஆங்கிலேயர் குக்கு, தம் நாட்டுத் தீவுகளின் பெயரையே அதற்கு இட்டுப் புதிய எபிரைடிசு என்றழைத்தார். 1906 முதல் ஆங்கிலேயரும் பிரெஞ்சியரும் அந்நாட்டைக் கூட்டாக ஆண்டனர். 1980 சூலை 30-இல் விடுதலை பெற்றபோது, அம்மக்கள் செய்த முதல் வினைகளுள் ஒன்று அயலார் இட்ட பெயரைக் களைந்ததாகும். தம் மொழிகளில் நிலம் என்னும் பொருளுடைய சொல்லையும், நிற்றல் என்னும் பொருளுடைய சொல்லையும் சேர்த்து, ‘நிற்கும் நிலம்’ என்று பொருள்படுமாறு வனுவாத்து எனப் பெயர் சூட்டிக் கொண்டனர். பெயரிலேயே தம் உரிமையை எழுதி வைத்த இனம் அது.

அந்நிலம் நிற்குமா என்பதே இன்று கேள்வி. 2015 மார்ச்சில் வீசிய ‘பாம்’ என்னும் கடும்புயல், அந்நாட்டின் ஓராண்டு மொத்த ஆக்கத்தில் ஏறத்தாழ 64 விழுக்காட்டுக்கு நிகரான கேட்டை விளைத்தது. 2020 ஏப்பிரலில் மற்றொரு கடும்புயல். 2023 மார்ச்சில் ஒரே கிழமைக்குள் இரண்டு புயல்கள். புயலில் வீடு இழந்தவன் வீட்டை மீளக் கட்டலாம். ஊர் கடலுள் சென்றால் ஊரார் சிதறுவர். ஓரூரில் சில நூறு பேரே பேசும் மொழி, அவ்வூரார் சிதறிய மறு தலைமுறையில் வழக்கொழியும். மொழிக்கு இழப்பீடு எந்நாணயத்தில் எண்ணித் தருவது? எவ்வுடன்படிக்கையிலும் அதற்கு ஒரு விலைப்பட்டியல் இல்லை.

2019-இல், தென்பசிபிக்குப் பல்கலைக்கழகத்தின் வனுவாத்து வளாகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள் ஒரு வினா எழுப்பினர். உடன்படிக்கை மாநாடுகளில் வேண்டி வேண்டிப் பயனில்லை. உலகின் தலையாய முறைமன்றத்திடமே சட்டம் என்ன சொல்கின்றது என்று கேட்டால் என்ன? அவ்வினாவை வனுவாத்து அரசு தன் வினாவாக ஏற்றது. பசிபிக்குத் தீவுகள் ஏற்றன. பின்னர்ப் பிற நாடுகளும் சேர்ந்தன. 2023 மார்ச்சு 29-இல், அவ்விரு புயல்களும் வீசிய அதே திங்களில், ஒன்றிய நாடுகளின் பொதுப்பேரவை அவ்வினாவை ஏற்றுப் பன்னாட்டு முறைமன்றத்துக்கு அனுப்பியது. 130-க்கு மேற்பட்ட நாடுகள் அத்தீர்மானத்தை உடன்மொழிந்தன. எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறிற்று. காலநிலை குறித்து நாடுகளின் கடமைகள் யாவை? அவற்றை மீறிக் கேடு விளைத்தால் சட்ட விளைவுகள் யாவை? இவையே இரு வினாக்கள்.

இதற்கிடையே, கடற்சட்டத்துக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயமும் சிறு தீவுநாடுகளின் ஆணையம் கேட்டதற்கிணங்க 2024 மே 21-இல் கருத்துரை வழங்கியது. வளிமண்டலத்தில் கலக்கும் பசுங்குடில் வளிகள் கடலை மாசுபடுத்தும் பொருள்களே. அவற்றைத் தடுக்கவும் குறைக்கவும் கட்டுப்படுத்தவும் நாடுகளுக்குக் கடமை உண்டு என்றது. வானத்தில் விட்ட புகை கடலில் விட்ட கழிவே என்று சட்டம் கண்டுகொண்டது.

2024 திசம்பர் 2 முதல் 13 வரை நெதர்லாந்தின் ஏகு நகரில் முறைமன்றம் வாய்மொழி உரைகளைக் கேட்டது. 96 நாடுகளும் 11 பன்னாட்டு அமைப்புகளும் உரையாற்றின. அம்மன்ற வரலாற்றில் அத்துணைப் பேர் பங்கேற்ற வழக்கு வேறில்லை. பெரிய புகை வெளியீட்டு நாடுகள் பலவும் ஒரே வழியில் வாதிட்டன. காலநிலைக்கென்று தனி உடன்படிக்கைகள் உள்ளன. அவற்றுக்கு மேல் வேறு கடமை தேடல் ஆகாது என்றன. அமெரிக்கா அவ்வாறு கூறிற்று; சவுதி அரேபியா கூறிற்று; இருக்கின்ற உடன்படிக்கைகளைத் தாண்டிப் புதுக்கடமைகளை உருவாக்கல் ஆகாது என்று இந்திய ஒன்றியமும் கூறிற்று. தளர்த்தி எழுதிய வினையே இறுதிச் சட்டம் என்பது அவர் வாதம்.

2025 சூலை 23-இல் முறைமன்றத் தலைவர் யூச்சி இவாசாவா கருத்துரையைப் படித்தார். நடுவர் அனைவரும் ஒருமனப்பட்டிருந்தனர். தனி உடன்படிக்கைகள் உள்ளமையால் பொதுச்சட்டம் விலகிவிடாது என்று மன்றம் தெளிவாக்கியது. பிறர்க்குப் பெருங்கேடு விளையாமற் காக்கும் கடமை வழக்குச் சட்டத்தின்படி எல்லா நாடுகளையும் பிணிக்கும். உடன்படிக்கையில் சேராத நாட்டையும் பிணிக்கும் என்றது. திரெயில் உழவரின் பயிருக்காகப் பிறந்த நெறி ஞாலம் முழுவதற்கும் உரியதாயிற்று. பாரிசு உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் எழுதும் பங்களிப்பு அதன் தனி விருப்பம் அன்று. தன்னால் இயன்ற மிகவுயர்ந்த அளவாகவும், 1.5 பாகை இலக்குக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்றது. புதைபடிவ எரிபொருளை எடுப்பதற்கு உரிமம் தருவதும் உதவித்தொகை தருவதும்கூடக் கடமை மீறலாகலாம் என்றது. மீறிய நாடு அச்செயலை நிறுத்துதல் வேண்டும். மீண்டும் செய்யாமைக்கு உறுதி தருதல் வேண்டும். கேட்டுக்கும் செயலுக்கும் தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டால் இழப்பீடு தருதலும் வேண்டும் என்றது.

மூழ்கும் நாடுகளுக்கு மற்றொரு நல்லுரையும் அதில் உண்டு. ஒருமுறை நிலைபெற்ற நாடு, நிலம் போன்ற தன் உறுப்புகளுள் ஒன்று மறைவதாலேயே நாடு என்னும் தகுதியை இழந்தே தீரும் என்பதில்லை என்று மன்றம் கூறியது. துவாலு என்னும் தீவுநாடு 2023 நவம்பரில் ஆசுத்திரேலியாவோடு செய்து, 2024 ஆகத்தில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையிலும் இக்கருத்து உண்டு. கடல் கொண்டாலும் துவாலு நாடாகவே நிலவும் என்று அதில் எழுதினர். நிலம் மறைந்தும் நாடு வாழ்வது எங்ஙனம் என்று சட்டம் எண்ண வேண்டிய நாள் வந்துவிட்டது என்பது எத்துணைத் துயரமான செய்தி!

‘இஃது ஆணையன்று, கருத்துரைதானே; வல்லரசை யார் கட்டுப்படுத்துவர்?’ என்று கேட்கலாம். கேள்வி முறையானதே. முறைமன்றத்துக்குப் படையில்லை. கருத்துரை எந்நாட்டையும் தீர்ப்பைப் போலப் பிணிக்காது. ஆனால், அது புதுச்சட்டம் இயற்றவில்லை. முன்பே நாடுகளைப் பிணிக்கும் சட்டம் இன்னது என்று எடுத்துரைத்தது. அச்சட்டம் பிணிக்கும். இனி எந்நாட்டு வழக்குமன்றத்திலும், எம்மாநாட்டிலும், தீவின் சார்பாளன் ‘அருள்கூர்ந்து குறைப்பீராக’ என்று இரக்க வேண்டியதில்லை. ‘உம் கடமையைச் செய்க’ என்று கூறலாம். இரண்டும் வியங்கோளே. ஆனால், முன்னது வேண்டல்; பின்னது விதித்தல். படையில்லாத ஒரு சிறுநாடு உலகுக்கு ஈட்டித் தந்த வேறுபாடு அது.

இதில் தமிழர் எண்ண வேண்டியவை இரண்டு உண்டு.

ஒன்று, இருக்கை பற்றியது. மூன்று இலக்கம் மக்களுக்கு இருக்கை இருந்தது. ஆகலின் வினா எழுப்ப முடிந்தது. பன்னாட்டுச் சட்டம் அரசுகளை அறியும். அரசில்லாத இனங்களை அறியாது. நெடிய கடற்கரையும் கடலை நம்பி வாழும் மீனவரும் உடைய தமிழ்நாட்டுக்காக உடன்படிக்கையில் கையொப்பமிடுவது தில்லி. கையொப்பமிட்டபின், இந்திய அரசமைப்பின் 253-ஆம் உறுப்பின்படி, அதனை நிறைவேற்ற எப்பொருளிலும், மாநிலத்துக்கு உரிய பொருளிலும்கூட, நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் காப்புச் சட்டம், இசுடாக்கோம் மாநாட்டு முடிவுகளை நிறைவேற்றுவதாகத் தன் முகவுரையிலேயே கூறுகின்றது. உடன்படிக்கை மேசையில் தமிழ்நாட்டுக்கு இடமில்லை. உடன்படிக்கையின் பெயரால் வரும் சட்டம் மட்டும் வாயிலுக்கு வந்து நிற்கும். அமெரிக்கர் ஒருவர் வெளியிடும் புகையை நோக்க இந்திய ஒன்றியத்தில் வாழும் ஒருவரின் பங்கு மிகச் சிறிது. அந்நயன்மையைத் தில்லி கேட்பது சரியே. ஆனால், ஏழையின் பெயரைச் சொல்லிக் கடமையின் வினையைத் தளர்த்தும்போது, முதலில் மூழ்குவது அவ்வேழையின் குடிசையே என்பதையும் தில்லிக்கு உரைத்தல் வேண்டும். ஏகு நகரில் தன் பெயரால் பேசப்படுவது இன்னதென்று கடற்கரை மீனவனுக்கும் கழனி உழவனுக்கும் தெரிதல் வேண்டும்.

மற்றொன்று, மொழி பற்றியது. ஒன்றிய நாடுகளின் உடன்படிக்கைகள் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், இசுபானியம் ஆகிய ஆறு மொழிகளில் எழுதப்படுகின்றன. அவற்றைத் தமிழில் தருவோர் ‘வேண்டும்’ என்னும் ஒரே சொல்லால் கட்டாயத்தையும் பரிந்துரையையும் பெயர்த்துவிடின், படிப்போன் தனக்கு உள்ள உரிமையையும் அறியான். தான் இழந்ததையும் அறியான். ‘செய்தல் வேண்டும்’ என்பது வேறு. ‘செய்தல் தக்கது’ என்பது வேறு. ‘செய்யலாம்’ என்பது வேறு. ‘ஒழித்தல்’ வேறு, ‘குறைத்தல்’ வேறு. இவ்வேறுபாடுகளைக் காட்டும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. காட்டும் பொறுப்பே தமிழறிந்தார்க்கு வேண்டுவது. தூய தமிழ் என்பது அயற்சொல் களைதல் மட்டுமன்று. ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைப் பிழையாமற் சுமத்தலும் ஆகும். பாரிசில் ஒரு துணைவினைக்காக உலகமே காத்திருந்தது. சொல்லாராய்ச்சி வேலையற்றோர் வேலை என்று எள்ளுவோர்க்கு அந்நாளைக் காட்டுக.

இளைஞரே! இருபத்தேழு மாணவர் எழுப்பிய ஒரு வினா ஏகு நகர் வரை சென்றது. அவரிடம் செல்வம் இல்லை, படை இல்லை, சட்டத்தைச் சொல்சொல்லாகப் படித்த படிப்பு இருந்தது. தம் நிலத்துக்குத் தம் மொழியில் பெயரிட்ட முன்னோரின் மானம் இருந்தது. அப்படிப்பும் அம்மானமும் தமிழிளைஞரிடத்தும் உண்டாகுக. உடன்படிக்கைகளைத் தமிழில் கொணர்க. அவற்றின் வினைகளைத் தெளிவாக உரைக்க. கடற்கரைச் சிற்றூர்தோறும் சென்று, ‘இஃது எவரும் இடும் பிச்சையன்று, உமக்குரிய முறை’ என்று விளக்குக.

நிற்கும் நிலம் நிலைத்து நிற்க! நிலங்காக்கும் சொல் தளராது நிற்க!

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!